சமூக விலக்கல்: ஒரு கருத்தின் தோற்றமும் பொருளும்

கலைச்சொற்கள் பிறமொழியிலிருந்து தமிழுக்கு வரும்போது பெரும்பாலும் பொருளோடு வருகின்றன. வரலாற்றோடு வருவது அரிது. சமூகவியலாரும் பொருளியலாரும் அரசியலறிஞரும் ஒருங்கே கையாளும் 'சமூக விலக்கல்' என்னும் சொற்றொடர் இதற்குத் தக்க சான்றாகும். அபிவிருத்தி அறிக்கைகளிலும் பல்கலைக்கழகப் பாடங்களிலும் இத்தொடர் இன்று தாராளமாக வழங்குகின்றது. வறுமை என்று முன்னர் எழுதிய இடத்தில் இதனை எழுதுவோரும் உளர். சாதிக்கொடுமை என்று எழுத அஞ்சிய இடத்தில் இதனை எழுதுவோரும் உளர். இவ்வாறு பல இடங்களில் நின்று பல வேலை செய்யும் ஒரு சொல் எங்கே பிறந்தது, எத்தேவை கருதிப் பிறந்தது, பிறந்த இடத்திலிருந்து பெயர்ந்தபோது எதனை இழந்தது, எதனைப் பெற்றது என்பன ஆராயற்பாலன. அவ்வாராய்ச்சியின்றி அதனை ஏற்பதும் தள்ளுவதும் அறிவுடைமையாகா.

சொல்லும் இலக்கணமும்

தமிழில் இக்கருத்தைக் குறிக்கப் பல சொற்கள் முயன்று பார்க்கப்பட்டுள்ளன. சமூகப் புறக்கணிப்பு என்பாரும், சமூக ஒதுக்கல் என்பாரும், சமூக விலக்கு என்பாரும், ஓரங்கட்டல் என்பாரும் உளர். இவற்றுட் பல இருபொருள் பயப்பன. புறக்கணித்தல் என்பது எளியோர் வலியோருக்கு எதிராகக் கைக்கொள்ளும் படைக்கலமுமாகும். தேர்தற் புறக்கணிப்பு, கடைப் புறக்கணிப்பு என்னும் வழக்குகளை நோக்குக. விலக்கு என்பது சலுகையையும் குறிக்கும். வரிவிலக்குப் பெற்றவன் அதற்காக வருந்துவதில்லை. ஒதுக்குதல் என்னும் வினையோ இரு திசைக்கும் உரியது. ஒருவரைப் பந்தியிலிருந்து ஒதுக்குதலும் உண்டு. ஒருவருக்கெனப் பங்கினை ஒதுக்குதலும் உண்டு. இழிவு செய்த ஒதுக்கலும், அவ்விழிவுக்குப் பரிகாரமாக இந்திய அரசியலமைப்பு இடந்தந்த இட ஒதுக்கீடும் ஒரே வேரினின்று கிளைத்தமை வியப்புக்குரியது.

ஆயினும் இவ்வாராய்ச்சிக்குத் தமிழ் வினைச்சொற்கள் ஒரு பேருதவி செய்கின்றன. தன்வினை, பிறவினை என்னும் பாகுபாடு தமிழிற் சொல்லின் உடம்பிலேயே அமைந்து கிடக்கின்றது. ஒதுங்குதல் தன்வினை, ஒதுக்குதல் பிறவினை. நீங்குதல் தன்வினை, நீக்குதல் பிறவினை. அவ்வாறே, விலகல் வேறு, விலக்கல் வேறு. இரண்டிற்கும் இடையே ஒரு மெய்யெழுத்தே வேறுபாடு. பொருளிலோ பொறுப்பு முழுவதும் வேறுபடுகின்றது. விலகினவன் தானே சென்றான். விலக்கப்பட்டவனைப் பிறரொருவர் செலுத்தினார். எனவே விலக்கல் என்னும் சொல்லை ஒருவர் ஆளும்போது மூன்று வினாக்களுக்கு விடை கூறக் கடமைப்படுகின்றார். விலக்குபவர் யார்? இஃது எழுவாய். யாரை விலக்குகின்றார்? இஃது இரண்டாம் வேற்றுமை. எதிலிருந்து விலக்குகின்றார்? இஃது ஐந்தாம் வேற்றுமையின் நீங்கற்பொருள். இம்மூன்றனுள் ஒன்று குறைந்தாலும் வாக்கியம் நிரம்பாது. ஒரு கோட்பாட்டை அளப்பதற்கும் இதுவே எளிய அளவுகோலாகும்.

பழைய வழக்கமும் புதிய கருத்தும்

விலக்கும் வழக்கம் மனிதக் கூட்டத்தளவு பழையது. பண்டை அதென்சு நகரத்தாருக்குச் செல்வாக்கு மிகுந்த ஒருவரை நகரினின்று நீக்கும் முறையொன்று இருந்தது. மட்பாண்ட ஓட்டுத் துண்டுகளிற் பெயரெழுதி இட்டனர். 6000 ஓடுகள் தேவைப்பட்டன. பெயர் மிகுந்தவர் 10 ஆண்டு நகரினின்று நீங்கி வாழ்ந்தார். அவருடைய சொத்துப் பறிக்கப்படவில்லை. காலம் முடிந்ததும் உரிமையோடு மீண்டார். உரோமர் நீரும் நெருப்பும் மறுத்தல் என்னும் தண்டனையால் ஒருவரை நாட்டிலிருந்து அகற்றினர். தமிழ்நாட்டு ஊர்களிலும் ஊர்விலக்கம், தள்ளிவைத்தல் என்னும் வழக்குகள் நிலவின. கட்டுப்பாட்டை மீறிய குடும்பத்தோடு கொள்வினை கொடுப்பினை இல்லையாயிற்று. நன்மை தீமைக்கு எவரும் செல்லவில்லை.

இவ்வழக்கங்கள் அனைத்திலும் எழுவாய் வெளிப்படையானது. விலக்கியவர் நகரத்தார், நீதிமன்றத்தார், ஊரார். காரணமும் கூறப்பட்டது, மீளும் வழியும் பல வேளைகளில் இருந்தது. ஆனால் தண்டனையாக ஒருவனை விலக்குவதற்கும், ஒரு குலத்திற் பிறந்தமையாலேயே ஆயிரக்கணக்கானோரை விலக்குவதற்கும் வேறுபாடு பெரிது. முன்னதில் விலக்கப்படுபவன் முன்னொருகால் உள்ளே இருந்தவன். பின்னதிற் குற்றமும் இல்லை; தீர்ப்பும் இல்லை; மீளும் நாளும் இல்லை. புதிய கருத்து விளக்க முற்படுவது இப்பின்னைய வகையையும், குற்றவாளி எவரென்று சுட்ட இயலாதவாறு தொழிற்சாலையும் சந்தையும் அலுவலகமும் கூடி மனிதரை வெளியே நிறுத்தும் தற்கால வகையையுமாம். வழக்கம் பழையது, அதனை ஒரு சமூக நோயாகக் கண்டு பெயரிட்டமையே புதியது.

பிரான்சிற் பிறப்பு

பெயரிட்ட பெருமை பிரான்சு தேசத்தைச் சாரும். இரண்டாம் உலகப்போரின் பின்னர் ஏறத்தாழ முப்பது ஆண்டு அந்நாட்டிற் செல்வம் பெருகியது, தொழில் பெருகியது, சமூகப் பாதுகாப்புத் திட்டங்கள் விரிந்தன. வறுமை விரைவில் ஒழியும் என்று கற்றோர் நம்பினர். அந்நிலையிலும் பாரிசு நகரின் அயலிலுள்ள நுவாசி–லெ–கிரான் என்னும் இடத்தில் வீடற்ற குடும்பங்கள் கொட்டில்களில் வாழ்ந்தன. 1956 ஆம் ஆண்டில் அங்குச் சென்ற யோசெப் விரெசின்ஸ்கி என்னும் கத்தோலிக்கக் குருவானவர், தாமும் வறிய குடிபெயர்ந்தோர் குடும்பத்திற் பிறந்தவர். 1957 இல் அக்குடும்பங்களோடு சேர்ந்து அவர் தொடக்கிய இயக்கமே பின்னர் 'நாலாம் உலகம்' என்னும் பெயரோடு பல நாடுகளிற் பரவியது. அங்கு வாழ்ந்தோருக்கு இல்லாதது உணவும் உடையும் மாத்திரமன்று, பிறரால் மனிதராக எண்ணப்படும் நிலையுமாம் என்பது அவருடைய துணிபு. அவ்வியக்கத்தின் சூழலிலேதான் 1965 இல் சூல் கிளாம்பெர் என்பார் 'சமூக விலக்கல்' என்னும் தொடரையே தலைப்பாகக் கொண்ட நூலை வெளியிட்டார். பின்னாளில் இச்சொல்லை அரசாங்கங்கள் எடுத்தாண்டமையால் அது அலுவலகத்திற் பிறந்ததென்று கருதுவோர் பலர். கொட்டில்களின் அருகேயே அது முதலில் வழங்கியது என்பது மறக்கத்தக்கதன்று.

1974 இல் அந்நாட்டுச் சமூக நலத்துறையின் பொறுப்பாளராகிய இரெனே லெனுவார், விலக்கப்பட்டோரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பிரெஞ்சுக்காரருட் பத்தில் ஒருவர் விலக்கப்பட்டவர் என்பது அந்நூலின் துணைத் தலைப்பு. உடற்குறை, உளக்குறை உடையோர், வலுவிழந்த முதியோர், துன்புறுத்தப்பட்ட சிறுவர், போதைப் பழக்கத்துக்கு ஆளானோர், குற்றஞ் செய்தோர், துணையின்றிப் பிள்ளை வளர்ப்போர், தற்கொலை எண்ணமுடையோர் எனப் பலதிறத்தார் அதில் வரிசைப்படுத்தப்பட்டனர். நாட்டின் மனச்சாட்சியை அந்நூல் தட்டியது என்பதில் ஐயமில்லை. எனினும் மேலே கூறிய அளவுகோலைக் கொண்டு அளந்தால் அதன் குறை புலப்படும். யாரை என்னும் வினாவுக்கு நெடிய விடை உண்டு. யார் என்னும் வினாவுக்கு விடை மிகக் குறைவு. முதியவரையும் திருடனையும் ஒரே பட்டியலிற் சேர்ப்பது யாது? அவர்கள் வெளியே நிற்கின்றனர் என்பது ஒன்றே. அவர்களை வெளியே நிறுத்திய கைகள் வெவ்வேறாயினும் அக்கைகளை அப்பட்டியல் காட்டவில்லை.

இச்சிந்தனை பிரான்சிலே வேரூன்றியமைக்குக் காரணம் உண்டு. குடியரசு என்பது ஒருவரோடொருவர் பிணைந்து நிற்கும் ஒருடம்பு என்னும் எண்ணம் அந்நாட்டு அரசியல் மரபில் ஆழமானது. எமில் தூர்கைம் 1893 இல் வெளியிட்ட தொழிற்பகுப்புப் பற்றிய நூலிற் சமூகத்தைக் கட்டி நிறுத்துவது யாது என்பதையே ஆராய்ந்தார். பிணைப்பே உயிர் என்று கொள்ளும் மரபில், பிணைப்பு அறுதலே பெருங்கேடாகத் தோன்றும். அதனாலேயே அந்நாட்டார் வறுமையை வருமானக் குறைவு என்று மாத்திரம் நோக்காது, உறவறுதல் என்று நோக்கினர். 1988 ஆம் ஆண்டு டிசெம்பர் முதலாந் திகதி இயற்றப்பட்ட சட்டம் வறியோருக்குக் குறைந்தபட்ச வருமானம் வழங்கியதோடு அவர்களை மீண்டும் சமூகத்திற் பொருத்துவதையும் அரசின் கடமையாக்கியமை இந்நோக்கின் பயனாகும்.

ஆனால் அந்நாட்டிலேயே இதற்கு மறுப்பும் எழுந்தது. 1995 இல் ரொபேர் கஸ்தெல், விலக்கல் என்னும் சொல் ஒரு நிலையைக் காட்டுகின்றதேயன்றி அந்நிலைக்கு இட்டுச்சென்ற நிகழ்ச்சித் தொடரைக் காட்டவில்லை என்று குறைகூறினார். தொழில் நிலையற்றதாகின்றது, குடும்ப உறவு தளர்கின்றது, ஈற்றில் ஒருவன் பிணைப்பு அறுந்தவனாகின்றான். விளிம்பில் நிற்பவனை மாத்திரம் நோக்குவோர், அவனை விளிம்புக்குத் தள்ளிய நடுவை நோக்க மறக்கின்றனர் என்பது அவர் கருத்தின் சாரம். இது வலிமையான தடை.

கடல் கடந்த சொல்

பிரெஞ்சுச் சொல் ஐரோப்பியச் சமூகத்தின் பொதுச்சொல்லாகியது. 1975 இல் தொடங்கிய முதலாவது ஐரோப்பியத் திட்டம் வறுமை ஒழிப்புத் திட்டம் எனவே பெயர் பெற்றது; 1989 செத்தெம்பரில் உறுப்புநாட்டு அமைச்சர்கள் நிறைவேற்றிய தீர்மானமோ சமூக விலக்கலை எதிர்ப்பது பற்றியது. இப்பெயர் மாற்றத்தில் அரசியலும் உண்டு. தம் நாட்டில் வறுமை உண்டென்று ஒப்புக்கொள்ள விரும்பாத அரசுகளுக்கு விலக்கல் என்னும் சொல் இதமாக இருந்தது. பிரித்தானியாவில் 1997 டிசெம்பரிற் பிரதமர் தொனி பிளேயரின் அரசாங்கம் சமூக விலக்கலுக்கென ஒரு தனிப்பிரிவை அமைத்தது. பாடசாலைக்குச் செல்லாத சிறுவர், தெருவில் உறங்குவோர், இளவயதுத் தாய்மார் முதலியோர் அதன் முதல் அறிக்கைகளுக்குப் பொருளாயினர். 2006 இல் அப்பிரிவு கலைக்கப்பட்டது.

அந்நாட்டுச் சமூகவியல் அறிஞர் உரூத் லெவிற்றாஸ் 1998 இல் எழுதிய நூலில், இவ்வொரு சொல்லினுள்ளே மூன்று பேச்சுக்கள் ஒளிந்திருப்பதை எடுத்துக்காட்டினார். ஒன்று, செல்வம் சமமாகப் பகிரப்படாமையே நோய் என்பது. மற்றொன்று, வறியோரின் ஒழுக்கக் குறைவே நோய் என்பது. மூன்றாவது, கூலித்தொழில் இன்மையே நோய் என்பது. முதலாவது பேச்சில் மருந்து பகிர்வு, இரண்டாவதிற் கண்டிப்பு, மூன்றாவதில் வேலை. சொல் ஒன்றாக இருத்தலால் கேட்போர் ஒருமித்துத் தலையசைக்கின்றனர். தலையசைத்தபின் அவரவர் தம் மருந்தையே கொடுக்கின்றனர். இரண்டாவது பேச்சில் இலக்கணமே தலைகீழாவதைக் காண்க. விலக்கல் விலகலாகிவிடுகின்றது. வெளியே நிற்பவன் தானே வெளியேறினான் என்றும், உள்ளே வருவது அவன் கடன் என்றும் கூறப்படுகின்றது. உள்ளே இருப்போரிடையே நிலவும் ஏற்றத்தாழ்வு எவ்வளவு பெரிதாயினும் அது பேச்சுக்கே வாராது போகின்றது என்பது லெவிற்றாஸ் கண்ட மற்றொரு குறை.

அமெரிக்க அறிஞர் ஹிலரி சில்வர் 1994 இல் வெளியிட்ட கட்டுரை இக்குழப்பத்தை வேறுவகையாகத் தெளிவாக்கியது. பிணைப்பு அறுதலே விலக்கல் என்பது பிரெஞ்சுக் குடியரசு நோக்கு. தனிமனிதர் பல துறைகளிற் பிரிந்து இயங்கும் சமூகத்தில் ஒரு துறையின் வாயில் அநீதியாக அடைபடுதலே விலக்கல் என்பது ஆங்கில அமெரிக்கத் தாராண்மை நோக்கு. வாய்ப்பினைத் தமக்கே உரியதாக்கிக்கொண்ட கூட்டத்தார் ஏனையோரைத் தடுத்தலே விலக்கல் என்பது மூன்றாவது நோக்கு. இம்மூன்றனுள் ஈற்றில் நின்றதே எழுவாயைத் துணிந்து கூறுகின்றது.

கதவடைத்தோர்

அம்மூன்றாவது நோக்கிற்கு மூலவராக மேனாட்டார் போற்றுவது மக்ஸ் வெபரை. 1920 இல் அவர் மறைந்த பின்னர் வெளிவந்த 'பொருளாதாரமும் சமூகமும்' என்னும் பெருநூலில், ஒரு கூட்டத்தார் இனம், மொழி, மதம், பிறப்பு என்பவற்றுட் கைக்கெட்டிய ஓர் அடையாளத்தைப் பற்றிக்கொண்டு, போட்டியாளரைத் தடுத்துத் தம் வாய்ப்பினை மூடிக்கொள்வர் என்று அவர் விளக்கினார். எந்த அடையாளம் என்பது முக்கியமன்று. வாயிலை மூடுதலே முக்கியம். விலக்கல் என்பதற்குரிய பிரெஞ்சு, ஆங்கிலச் சொற்களின் மூலமாகிய இலத்தீன் வினையும் வெளியே நிறுத்திக் கதவடைத்தல் என்றே பொருள்படும்.

ஆனால் இதே உவமையை வெபரின் நூல் வெளிவருமுன்னரே ஆசியர் ஒருவர் ஆண்டுள்ளார் என்பதை மேனாட்டு வரலாறுகள் பெரும்பாலும் கூறுவதில்லை. 1916 மே 9 ஆம் திகதி நியூயோர்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில், இருபத்தைந்து வயதினராகிய பீமராவ் அம்பேத்கர் இந்தியச் சாதிகள் பற்றிய ஆய்வுரையொன்றைப் படித்தார். முதலில் ஒரு வகுப்பார் அகமணத்தால் தம்மை அடைத்துக்கொண்டனர். ஏனையோருட் சிலர் அவரைப் பார்த்துத் தாமும் அடைத்தனர். சிலரோ தமக்கு எதிரே கதவு அடைபட்டிருக்கக் கண்டனர் என்பது அவர் கொண்ட முடிபின் சுருக்கம். தனித்த சாதி என ஒன்று இல்லை, சாதிகள் எனப் பன்மையிலேயே அவை உள என்பதும் அவர் கருத்து. உள்ளே ஒரு கூட்டம் அடைபடும்போதே வெளியே மற்றொரு கூட்டம் பிறந்துவிடுகின்றது. எனவே விலக்கப்பட்டோரின் இயல்பை ஆராய்வதனால் விலக்கல் விளங்காது. அடைத்தவரின் நலனை ஆராய்ந்தாலே விளங்கும். லெனுவாரின் பட்டியலுக்கு 58 ஆண்டு முன்னரே அப்பட்டியலிற் காணாத எழுவாயை அம்பேத்கர் தந்துவிட்டார்.

சட்டத்தாற் கதவு திறந்தபின்னும் வழி திறவாமையையும் அவர் அனுபவத்தாற் கண்டார். பொதுநீர்நிலைகளைத் தீண்டத்தகாதார் எனப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய்ச் சட்டசபை 1923 இல் தீர்மானித்தது. ஆயினும் மகாட் என்னும் ஊரிற் பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகுவதற்கு 1927 மார்ச்சு 20 ஆம் திகதி ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகச் செல்லவேண்டியிருந்தது.

சென்னின் உரைகல்

2000 ஆம் ஆண்டில் ஆசிய அபிவிருத்தி வங்கி வெளியிட்ட ஆய்வொன்றில் அமர்த்தியா சென் இக்கருத்தை நிறுத்துப் பார்த்தார். இது புதிய கண்டுபிடிப்பன்று என்பது அவர் முதற் கூற்று. 1776 இல் அடம் சிமித்து நாடுகளின் செல்வம் பற்றிய நூலிலே, நாரினாற் செய்த சட்டையின்றிப் பண்டைக் கிரேக்கர் இனிது வாழ்ந்தாராயினும், தம் காலத்து நாட்கூலியாள் அஃதின்றிப் பொதுவிடத்தில் தோன்ற நாணுவான் எனக் குறித்தார். நாணமின்றிப் பிறர்முன் தோன்ற இயலாமையே ஒரு வறுமை என்னும் இக்கருத்தில் விலக்கலின் வித்து உண்டு.

சென் வகுத்த பாகுபாடுகளுள் மூன்று பயனுடையன. முதலாவது, தன்னளவிலே இழப்பாகும் விலக்கலும், பிற இழப்புக்கு வழியாகும் விலக்கலும். ஊர்ப்பொது வாழ்விற் கலக்க முடியாமை முன்னதற்கும், கடன் பெற இயலாமை பின்னதற்கும் எடுத்துக்காட்டு. இரண்டாவது, வேண்டுமென்றே செய்யும் விலக்கலும், எவரும் கருதாமலே விளையும் விலக்கலும். சட்டத்தாற் குடியுரிமை மறுத்தல் முன்னது. பொருளாதார மந்தத்தால் வேலை இழத்தல் பின்னது. மூன்றாவது, விலக்கலுக்கும் கேடான சேர்க்கைக்கும் உள்ள வேறுபாடு. கடனடிமை வெளியே நிற்பவன் அல்லன். இறுகக் கட்டி உள்ளே வைக்கப்பட்டவன். அவனுக்கு நேர்ந்ததை விலக்கல் என்றழைத்தால், சேர்ப்பதே மருந்து என்னும் பிழையான முடிபு பிறக்கும்.

ஈழத்தில் இக்கருத்து

இப்பாகுபாடுகளின் மெய்ம்மையை அறிய இலங்கையின் வரலாற்றில் இரண்டு நிகழ்ச்சிகள் போதும்.

மலையகத் தோட்டங்களில் உழைத்த தமிழர் 1947 ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் 7 பிரதிநிதிகளைத் தெரிந்தனுப்பினர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் அம்மக்களுட் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாத்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, 150,000 பேரைப் பின்னர் தீர்மானிப்பதென விட்டுவைத்தது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே எஞ்சியோரின் நாடற்ற நிலைக்கு முடிவு கூறியது. இங்கு யார், யாரை, எதிலிருந்து என்னும் மூன்று வினாக்களுக்கும் அரசின் சட்டமே விடை தருகின்றது. வேண்டுமென்றே செய்யும் விலக்கலுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. ஆனால் இது முழு விளக்கமன்று. வாக்காளர் இடாப்பினின்று நீக்கப்பட்ட அதே மக்கள் தேயிலைத் தொழிலினின்று நீக்கப்படவில்லை. நாட்டின் ஏற்றுமதி வருமானம் அவர்கள் கொழுந்து கொய்த விரல்களிலே தங்கியிருந்தது. இலயன் அறையிற் சேர்த்தலும் இடாப்பினின்று நீக்கலும் ஒரே ஏற்பாட்டின் இரு பக்கங்கள். உழைப்பினுள்ளே, உரிமைக்கு வெளியே என்னும் இந்நிலையை விலக்கல் என்னும் தனிச்சொல் ஏந்தாது. சென் கூறிய கேடான சேர்க்கையும் உடன் வேண்டும்.

மற்றைய நிகழ்ச்சி யாழ்ப்பாணத்திற்கு உரியது. சாதியின் பெயரால் ஆலயப் பிரவேசமும், தேநீர்க் கடைகளிற் சமமாக இருந்து அருந்துவதும், பாடசாலைகளிற் சமாசனமும் ஒரு பகுதி மக்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டன. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் அம்மறுப்பைக் குற்றமாக்கியது. அதற்குப் பதினொரு ஆண்டின் பின்னர், 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிற் சத்தியாக்கிரகம் இருந்தோருக்குக் கதவு திறக்கப்படவில்லை. திருவிதாங்கூரில் மன்னர் பிரகடனம் கோயில்களைத் திறந்தது 1936 நவம்பர் 12 ஆம் திகதி என்பதை இதனோடு வைத்து எண்ணுக. ஈண்டும் விலக்கப்பட்டோர் முற்றும் வெளியே நின்றவர் அல்லர். சாவீட்டிற் பறையும், சடங்கிற் சவரமும் மாற்றும், வயலில் உழைப்பும் அவரிடமிருந்தே வேண்டப்பட்டன. அவரின்றிச் சடங்கு நிறைவுறாது. அவர் உள்ளே வந்தால் அச்சடங்கு தீட்டுறும். தேவைப்படுதலும் தீண்டப்படாமையும் ஒருவரிடத்தே கூடியமையே சாதியமைப்பின் உட்பொருள்.

இவ்விடத்தே ஆங்கிலச் சமூகவியலார் பிராங்க் பாக்கின் 1979 இல் எடுத்துக்காட்டிய ஓர் உண்மை பொருந்துகின்றது. மேலுள்ளோரால் விலக்கப்பட்ட கூட்டம் அதனை எதிர்த்துப் போராடும்போதே தன்கீழ் உள்ளோரைத் தானும் விலக்குதல் கூடும். அஃது இரட்டை அடைப்பு. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தாற் தம்மொழி விலக்கப்பட்டதென்று தமிழர் சத்தியாக்கிரகம் இருந்தனர். அவர் கூறியது முற்றிலும் உண்மை. அதே காலத்தில் அதே சமூகத்தின் கோயில் வாயில்களில் வேறொரு சத்தியாக்கிரகம் வேண்டியிருந்தது என்பதும் அதே அளவு உண்மை. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் தமிழ்ப் போராளி இயக்கத்தால் தம் வீடு வாசல்களினின்று வெளியேற்றப்பட்டமையும் இவ்வரிசையிலேயே வைத்து எண்ணத்தக்கது. நீதிக்குப் போராடுவோரின் கையிலும் ஒரு திறவுகோல் உண்டு. அதனை அவர் எப்பக்கம் திருப்புகின்றார் என்பது அவர் அடைந்த துன்பத்தினால் தானே தீர்மானிக்கப்படுவதில்லை.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் இக்கருத்தின் வலிமையும் மெலிவும் பெறப்படும். பணமின்மை என்னும் ஒற்றை அளவையால் அளந்த வறுமையை, மதிப்பு, உறவு, உரிமை என்பவற்றோடு சேர்த்து நோக்கச் செய்தமை இதன் வலிமை. செல்வம் படைத்தவனும் கோயில் வாயிலில் நிறுத்தப்படலாம் என்பதை வருமானக் கணக்குக் காட்டாது, இக்கருத்துக் காட்டும். உள், வெளி என்னும் ஒரே கோட்டைக் கிழித்து உள்ளிருப்போரின் ஏற்றத்தாழ்வை மறைத்தலும், உள்ளே கட்டுண்டு கிடப்போரின் துயரைக் காணாமையும், விலக்கியவர் பெயரை விழுங்கிவிடுதலும் இதன் மெலிவுகள்.

அம்மெலிவுகளுள் முதலிரண்டையும் பாகுபாடுகளாற் திருத்தலாம். மூன்றாவதைத் திருத்துவது சொல்வோரின் நேர்மையையே பொறுத்தது. 'விலக்கப்பட்டோர்' என்னும் செயப்பாட்டு வினைப்பெயர் அறிக்கை எழுதுவோருக்கு வசதியானது. அதில் எழுவாய் தோன்றவேண்டுவதில்லை. இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை, கடை, உணவகம், விடுதி, பொதுக் களியாட்டிடம், தத்தம் மதத்துப் பொது வழிபாட்டிடம் என்பவற்றை எடுத்தோதி, இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாக அவற்றிற் புகுவதற்கு எவருக்கும் தடையிருத்தலாகாது என்கின்றது. எதிலிருந்து என்னும் வினாவுக்கு இது நல்ல விடை. ஆனால் வாயிலில் நிற்பவர் யாரென்று அரசியலமைப்பு எழுதமுடியாது. அதனை அவ்வவ்வூரார் தம்மைத் தாமே வினவி அறிதல் வேண்டும்.

ஆதலால் தமிழில் இக்கருத்துக்குச் 'சமூக விலக்கல்' என்னும் பெயரே பொருந்தும். விலக்கு என்றால் சலுகையோடு மயங்கும். விலகல் என்றால் பழி பாதிக்கப்பட்டோர்மேல் விழும். விலக்கல் என்னும் பிறவினைத் தொழிற்பெயரோ கேட்டவுடனே 'விலக்கியவர் யார்?' என்னும் வினாவை எழுப்பும். அவ்வினாவைத் தாங்கும் சொல்லை ஆள்வோர் அதற்குரிய விடையையும் தாங்குவாராயின், பிறநாட்டிலிருந்து வந்த இக்கருத்துத் தமிழ் மண்ணில் வெறும் மொழிபெயர்ப்பாய் நில்லாது, பயன்படு கருவியாகும்.